மூன்றாம் பாட்டில் ஒரு மணிச் சத்தம்

சென்னையில் நள்ளிரவு என்றால்
சல்மாபாத்தில் ஒன்பதரை.
வியாகுலமேரியின் புதுத் தொகுப்பு வெளியானபோது
நான் ஒரு பிக்கப்பின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவு ஷிப்ட்,
போன் லாக்கருக்குள்.
பாடியவளும் கேட்கவில்லை,
பதிந்தவனும் கேட்கவில்லை.

ஒன்பது பாட்டு.
ஒன்பதும் அடுத்தவன் வண்டிக்குள் பதிந்தவை.
ஸ்பீக்கர் மாட்ட விட்டுப்போகிற வண்டிகளில்
எதற்கு மெத்தை அதிகமோ
அதை ஷட்டர் இறக்கியபின் திறப்பேன்.
பின்சீட்டில் அவள்,
முன்சீட்டில் நானும் லேப்டாப்பும்.
ஏசி போட்டால் இரைச்சல் ஏறும்.
ஆகஸ்ட் மாசம், ராத்திரி ஒரு மணி,
இரண்டாம் சரணம் வருமுன்
மைக்கே வியர்த்துவிடும்.

தாளத்துக்கு ஆள் இல்லை.
துணி சுழலும் மிஷின் மேல் போனை வைத்து
நாற்பது நிமிடம் பிடித்துவந்தாள்.
முதலில் சும்மா உருட்டும்,
பிறகு ஒரு பக்கம் கனம் கூடித்
தடதடவென்று தரையை மிதிக்கும்.
"சிக்ஸ் எய்ட்டு விழுது பாருங்க."
விழுந்தது.

நீலச் சட்டை பத்தாம் நெம்பரு
நெஞ்சுப் பக்கம் தையல் விட்டிருக்கு
போட்டவன் பேரு தெரியாது எனக்கு
போகாத கறையத் தெரியும்

இது மூன்றாம் பாட்டு.

கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் பேசினார்.
குரல் அருமை, மண்வாசம்தான் பத்தவில்லை,
மிஷினை எடுத்துவிட்டு உறுமி வைக்கலாம்,
அட்டையில் 'வேரின் குரல்' என்று போட்டால் ஓடும்.
அவள் போனை வாங்கிச் சொன்னாள்:
"மிஷினுக்கு ஊரு ஜெர்மனிங்க.
அந்த மண்ணையும் சேத்துப் போட்டுக்கங்க."
அப்புறம் அவர் எடுக்கவில்லை.
நாங்களே ஏற்றினோம்.

அந்த மூன்றாம் பாட்டின் கடைசி வரியில்
மூச்சு முட்டி, கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.
டிங். டிங். டிங்.
சாவி வண்டியிலேயே இருந்தது, என் தப்பு.
மறுபடி பதினொரு தடவை பாடினாள்.
சுத்தமாக வந்தது எல்லாம்.
அந்தத் தொண்டை மட்டும் வரவில்லை.
மணியோடு விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை ஜாசிம் வந்தார்,
இடது ஸ்பீக்கர் இரைகிறதாம்.
சோதிக்கக் கை என்னை அறியாமல்
மூன்றாம் பாட்டைப் போட்டது.
முடியும்போது விரலை உயர்த்தினார்.
"திருப்பிப் போடு."
போட்டேன்.
கதவைத் திறந்தார்.
டிங். டிங். டிங்.
சுருதி கூடப் பிசகவில்லை.

முதலாளி முகம், விசா, விமான டிக்கெட்
எல்லாம் வரிசையாக வந்து நின்றன.
எனக்குத் தெரிந்த அரபியில் மன்னிப்புக்கு ஒரே சொல்,
அதை நாலு தடவை சொன்னேன்.
"எப்போது?"
"ஆகஸ்ட்."
"ஏசி?"
"போடவில்லை."
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

முப்பத்தெட்டு நிமிடம்.
கையில் ஸ்க்ரூடிரைவரோடு வெளியே நான்.
கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை,
ஏழாம் பாட்டில் மட்டும்
நம்பர் பிளேட் லேசாக அதிர்ந்தது.

கண்ணாடி இறங்கியது.
அர்த்தம் கேட்பார் என்று நினைத்தேன்.
"என் வண்டி பேர் போட்டிருக்கிறாயா?"

அன்றிரவே திருத்தினேன்:
எழுதிப் பாடியது வியாகுலமேரி.
தாளம், சலவை மிஷின் நாலு.
மணி, ஜாசிமின் ஜிஎம்சி.
பதிவு என்று என் பேரையும் போட்டு
பிறகு கூச்சப்பட்டு, பிறகு விட்டுவிட்டேன்.

விடியற்காலை டூட்டி முடிந்து கூப்பிட்டாள்.
"எத்தன பேரு கேட்டாங்க?"
"இருபத்துமூணு."
"நம்மள கழிச்சு?"
"ஒம்பது. அதுல ஒருத்தர் முழுசா."
கொஞ்ச நேரம் பஸ் சத்தம் மட்டும் வந்தது.
"பாட்டுக்கு ஒருத்தர்னு வச்சுக்கலாம்," என்றாள்.

இடது ஸ்பீக்கரைப் பார்க்க
ஜாசிமும் மறந்துவிட்டார், நானும்.